வயதாகிவிட்ட ஸ்போர்ட்ஸ் கார்: வைத்திருப்பதா, மாற்றுவதா?

உங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு கதவு ஜப்பான் கார் ஒன்று நிற்கிறதென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். டொயோட்டா செலிக்கா, ஹொண்டா பிரிலூட், நிஸான் சில்வியா, மஸ்டா எம்.எக்ஸ்.5 என்று பெயர் எதுவாகவும் இருக்கலாம். வாங்கிய நாளில் உங்களுக்கு மீசை கறுப்பு. காருக்கும் தீந்தை புதிது. இன்று இருவருக்கும் வயதாகிவிட்டது. உம்மாவை வைத்தியரிடம் கூட்டிப் போவதென்றால், அந்தத் தாழ்ந்த ஆசனத்தில் அவர் இறங்கி உட்காரவும் பிறகு எழும்பவும் இருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பின் ஆசனம் உள்ள காராக இருந்தால் பிள்ளைகள் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அதில் ஒடுங்குகிறார்கள். "இதை விற்றுவிட்டு நாலு கதவு உள்ள ஒன்றை எடுங்கள்" என்கிறார் மனைவி. "வாப்பா, இதை மட்டும் விற்க வேண்டாம்" என்கிறான் மூத்த மகன். கராஜ் பாஸ் ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த பில்லை எழுதிக்கொண்டிருக்கிறார்.

இதை அற்ப விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது. நடுத்தரக் குடும்பமொன்றில் வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு பெரும்பாலும் வாகனம்தான். அந்தச் செலவில் எடுக்கும் ஒரு தவறான முடிவு பிள்ளைகளின் படிப்பையும், நிறைவேற்றாமல் இருக்கும் ஹஜ் கடமையையும் தொட்டுவிடும்.

வேகமான வாகனத்தின் மீது மனிதனுக்குள்ள ஆசை புதியதல்ல. மார்க்கம் அதைக் கேலி செய்யவும் இல்லை. நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்ற பெண் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தமது இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரும் மனவருத்தமாகப் போயிற்று. உலகத்தில் உயர்ந்த எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் நபியவர்கள் அவர்களுக்கு ஆறுதல் கூறினார்கள். இந்தச் செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அந்த வருத்தத்துக்காக யாரும் கண்டிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறோர் அறிவிப்பில், மனிதனின் பாக்கியங்களாக எண்ணப்பட்டவற்றுள் நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அயலவர் என்பவற்றோடு சுகமான வாகனமும் சேர்ந்திருக்கிறது. ஆகவே உங்கள் காரை நீங்கள் விரும்புவது குற்றமல்ல. "கார் வெறும் இரும்புதானே" என்று சொல்கிறவர் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையிலாவது அதைக் கழுவித் துடைத்துப் பார்த்தவராக இருக்க மாட்டார்.

ஆனால் சுகமான வாகனம் என்பது யாருக்குச் சுகம்? ஓட்டுகிறவருக்கு மட்டுமா, ஏறுகிறவர்களுக்குமா? எங்கள் கணக்கை இந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜப்பானில் முடிவு இலகு, இலங்கையில் அப்படியல்ல

இந்தக் கார்கள் பிறந்த ஜப்பானில், பழைய வாகனத்தை வைத்திருப்பதா என்ற கேள்விக்குச் சட்டமே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. புதிய கார் 3 ஆண்டில் முதற் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதன் பின் 2 ஆண்டுக்கு ஒரு முறை. ஷாக்கென் என்று அழைக்கப்படும் இந்தப் பரிசோதனை செலவு மிக்கது. 13 ஆண்டைத் தாண்டிய பெற்றோல் காருக்கு வருடாந்த வரியும் கூடிவிடும். நல்ல நிலையில் உள்ள வாகனங்களையும் அங்குள்ளவர்கள் கைவிட்டதற்கும், அவை கப்பலேறி எங்கள் துறைமுகத்துக்கு வந்ததற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

இங்கே எவரும் உங்களை வற்புறுத்துவதில்லை. புகைப் பரிசோதனையில் தேறினால், காப்புறுதி இருந்தால், வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். காரின் வயதை யாரும் கேட்பதில்லை. மறுபுறத்தில், மாற்றுவதோ மிகக் கடினம். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையிலே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் இருந்த கார்களையே நாம் ஒருவருக்கொருவர் விற்று வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு முறை கையில் எடுத்த கார், இரண்டு வருடம் ஓடிய பிறகு வாங்கியதைவிடக் கூடிய விலைக்குப் போன விசித்திரமும் அப்போது நடந்தது. வழி திறந்த பின்னரும் எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்படும் உற்பத்தித் தீர்வை, சுங்க வரி, அதன் மேல் பெறுமதி சேர் வரி, விலை கூடிய வாகனத்துக்கு ஆடம்பர வரி என்று அடுக்கடுக்காக ஏறுகின்றன. எஞ்சின் பெரிதாகப் பெரிதாகத் தீர்வையும் பெரிதாகும். ஆகவே உங்கள் 2,000 சீசீ காருக்குப் பதிலாக அதே இனத்தில் புதிய ஒன்று என்பது எங்களில் பெரும்பாலோருக்குக் கனவுதான். உண்மையான தெரிவு, பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் நாட்டில் ஏற்கனவே ஓடிய சாதாரண நாலு கதவுக் காருக்கும் இடையிலேதான் இருக்கிறது.

எஞ்சின் கிடைக்கும், கண்ணாடி கிடைக்காது

சில்வியாவும் ஆர்.எக்ஸ்.7 காரும் 2002இல் நின்றுபோயின. பிரிலூட்டின் ஐந்தாவது தலைமுறை 2001இல் முடிந்தது. ஏழு தலைமுறை கண்ட செலிக்கா 2006இல் விடைபெற்றது. தொடர்ந்து வருவது எம்.எக்ஸ்.5 மட்டும்தான், அதன் நான்காவது தலைமுறை 2015இல் வந்தது. முதல் தலைமுறைக்குரிய சில உதிரிப்பாகங்களை மஸ்டா மீண்டும் செய்து விற்கத் தொடங்கியது நல்ல செய்தி. ஆனால் அவற்றை இங்கே வரவழைக்கும் செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் இருந்தாலும் அதன் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் சாதாரணக் கார்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1990களின் செலிக்காவில் இருக்கும் 3எஸ் எஞ்சின்தான் கரீனாவிலும் கொரோனாவிலும் இருந்தது. எம்.எக்ஸ்.5இன் 1,600 சீசீ எஞ்சின் மஸ்டா ஃபெமிலியாவின் உறவுக்காரன். பிரிலூட்டுக்கு அக்கோர்ட் உறவு; பின்னாளைய சில்வியாவுக்கு புளூபேர்ட் உறவு. எனவே பஞ்சிகாவத்தையில் ஒரு காலை முழுவதும் ஏறி இறங்கினால் எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காதவை வேறு: முன் விளக்கின் கண்ணாடி, கதவைச் சுற்றிய இறப்பர், பின் கண்ணாடி, பம்பர், டேஷ்போர்டின் பிளாஸ்டிக். அவை அந்தக் காருக்கென்றே செய்யப்பட்டவை.

இதிலிருந்து தெளிவாகும் விடயம், எஞ்சின் புகைக்கிறது என்பதற்காக அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை என்பதே. எஞ்சினைத் திருத்தலாம். காரின் ஆயுளை முடிப்பது துருதான். காலி, பேருவளை, காத்தான்குடி, கல்முனை போன்ற கடலோர ஊர்களில் வாழ்கிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, சக்கரத்தின் மேல் வளைவு, முன் சக்கரத்தின் சொக் அப்சோபர் பொருந்தும் மேடை, ஸ்டெப்னி டயர் இருக்கும் குழி ஆகிய இடங்களைப் பாருங்கள். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். எம்.எக்ஸ்.5இல் கூரைத் துணியில் விழும் மழைநீர், ஆசனத்தின் பின்னால் உள்ள சிறு துவாரங்களால் வடிந்து போக வேண்டும். அதில் இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பகுதியில் தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அங்கங்கே வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பல்ல, பட்டி.

சொக் மேடையும் கீழ்ப்பகுதியும் உக்கியிருந்தால் என் கருத்து ஒன்றுதான்: அந்தக் காரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். மோதும்போது ஆளைக் காப்பது அந்த இரும்புக் கூடு. தீந்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே கூடு இல்லையென்றால் கார் இல்லை.

அந்தக் கூடு நல்ல நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வயதின் காரணமாகச் செய்தேயாக வேண்டிய வேலைகள் சில உண்டு. டைமிங் பெல்ட் 1,00,000 கிலோ மீற்றருக்கு ஒரு முறை மாற்றப்படுவது வழக்கம். ஆனால் வருடத்துக்கு 3,000 கிலோ மீற்றர் மட்டும் ஓடும் காரில் இறப்பர் ஓடாமலே பழுதாகிவிடும். ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். 2315 என்றிருந்தால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருக்கிறதே என்று பத்து வருட டயரில் மழைநேரம் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறுவது உயிரோடு விளையாடுவதாகும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். உங்கள் கார் 1990களின் முற்பகுதியைச் சேர்ந்ததாயின் எயார்பேக் இல்லாமலும் இருக்கலாம். குழந்தை ஆசனத்தைப் பொருத்தும் வசதி அந்தக் காலத்துக் கார்களில் இல்லை. இந்த இறுதி இரண்டையும் எந்தப் பாஸாலும் திருத்தித் தர முடியாது.

ஒரு வருடக் கணக்கு

சென்ற பன்னிரண்டு மாதத்துப் பில்களையும் எடுத்து வையுங்கள். மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். அவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள். பெற்றோல், ஒயில், காப்புறுதி, அனுமதிப்பத்திரம் எந்தக் காருக்கும் வரும் செலவுகள். இறப்பர், குழாய், துரு, ஏசி போன்றவை வயதினால் வந்தவை. அலோய் ரிம், பெரிய சைலன்சர், விசேட ஸ்டியரிங் முதலியன ஆசையினால் வந்தவை. பல வீடுகளில் சண்டை வருவதற்குக் காரணம் மூன்றாவது குவியலின் பழியும் காரின் மேல் விழுவதுதான். அது காரின் செலவல்ல, உங்கள் செலவு. நடுக்குவியலை மட்டும் பன்னிரண்டால் பிரித்துப் பாருங்கள். மாதத்துக்கு எவ்வளவு?

இப்போது மறுபக்கம். "புதியது எடுத்தால் பெற்றோல் மிச்சம்" என்பது எல்லோரும் சொல்லும் நியாயம். உதாரணத்துக்கு உங்கள் கார் லீற்றருக்கு 9 கிலோ மீற்றர், மாற்றும் கார் 18 கிலோ மீற்றர் ஓடுகிறது; மாதம் 500 கிலோ மீற்றர் ஓட்டம்; லீற்றர் 300 ரூபா என்று வைப்போம். மாதம் மிச்சமாவது ஏறத்தாழ 28 லீற்றர், அதாவது 8,400 ரூபா. வருடத்துக்கு ஒரு இலட்சம்.

இதே காரை 60 இலட்சம் லீஸிங் எடுத்து, 14 சதவீத வட்டியில் ஐந்து வருடம் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 1,39,600 ரூபா அளவில் வரும். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 84 இலட்சம் போயிருக்கும். அதில் வட்டி மட்டும் 24 இலட்சத்துக்குக் கிட்ட. அந்த ஐந்து வருடத்தில் பெற்றோலில் மிச்சமானது 5 இலட்சம். வட்டி ஹராம் என்பதை ஒரு கணம் பேசாமல் விட்டாலும் இந்தக் கணக்கு உதைக்கிறது. அதையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு முஸ்லிம் வீட்டில் இந்தத் தெரிவுக்கு இடமே இல்லை.

எங்கள் நாட்டில் 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முராபஹா, இஜாரா போன்ற முறைகளில் வாகனம் எடுக்க வழியுண்டு. ஆனால் அரபுப் பெயரைக் கண்டவுடன் கையொப்பமிடாதீர்கள். தவணை முடியும் வரை வாகனம் யாருடைய உடைமை, உங்கள் தவறின்றி அது முற்றாக அழிந்தால் நட்டம் யாருக்கு, தவணை பிந்தினால் அறவிடும் தொகை எங்கே போகிறது ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் தெளிவில்லையென்றால் நீங்கள் நம்பும் ஆலிம் ஒருவரிடம் உடன்படிக்கையைக் காட்டுங்கள்.

பணம் கையிலேயே இருக்கிறது என்கிறீர்களா? அல்ஹம்துலில்லாஹ். சொந்தப் பாவனைக் காருக்கு ஸகாத் இல்லை. ஆனால் கார் வாங்கவென்று சேர்த்து வைத்த பணம் நிஸாபை எட்டி ஒரு வருடம் தாண்டினால் அதற்கு உண்டு. விற்று இலாபம் எடுக்கும் எண்ணத்திலேயே கார் வாங்கி நிறுத்தினால் அது வியாபாரப் பொருள். சந்தை விலைக்கு 2.5 சதவீதம் கொடுக்க வேண்டும். இறக்குமதி நின்றிருந்த காலத்தில் காரைத் தங்கம் போலச் சேமித்தவர்கள் இதைக் கணக்கிட்டார்களோ என்னவோ. இன்னொன்று, ஹஜ்ஜுக்குப் போகும் சக்தி வந்தும் போகாமல் இருப்பவர், ஓடிக்கொண்டிருக்கும் காரை அதைவிட நல்ல காராக மாற்ற அந்தப் பணத்தை எடுப்பதை எந்த நியாயத்தைக் கொண்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் என்ன செய்வது?

வீட்டில் இருப்பது இந்த ஒரே வாகனம். சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். வயதான உம்மா வாப்பாவும் உங்களோடு இருக்கிறார்கள். அப்படியென்றால் விற்றுவிடுங்கள். கார் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் விற்றுவிடுங்கள். விற்ற பணத்தோடு கைப்பணத்தைச் சேர்த்து, கடனில்லாமல் கிடைக்கும் சாதாரணக் கார் ஒன்றே போதும். கைப்பணம் போதாதென்றால், அது சேரும் வரை டயர், பிரேக், பெல்ட் மூன்றையும் ஒழுங்காக்கி மெதுவாக ஓட்டுங்கள். உம்மாவின் கிளினிக் நாளில் முச்சக்கர வண்டி பிடியுங்கள். மாதம் நாலு தடவை பிடித்தாலும் லீஸிங் தவணையின் அருகில்கூட வராது.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டில் வேறு வாகனம் உண்டு, கூடு துருப்பிடிக்கவில்லை, நடுக்குவியல் உங்கள் வருமானத்துக்குப் பாரமில்லை. அப்போது வைத்திருங்கள். அதை இஸ்ராப் என்று என்னால் சொல்ல முடியாது. ஓடும் பொருளைப் பராமரித்துப் பாவிப்பது வீண்விரயமல்ல. ஊருக்காக மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கார் மாற்றுவதே அந்தப் பெயருக்குக் கூடப் பொருத்தம். மகனையும் கூப்பிட்டு டயர் மாற்ற, ஒயில் பார்க்கக் கற்றுக் கொடுங்கள். அவன் விற்க வேண்டாம் என்று சொன்னதற்கு அவனும் கொஞ்சம் வேர்வை சிந்தட்டும்.

மாற்றுக் கார் தேடும்போது ஓர் எச்சரிக்கை. 2012 முதல் 2015 வரை நாட்டுக்குள் பெருமளவில் வந்த ஹைபிரிட் கார்கள் இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டன. இருபத்தைந்து வயதுக் காரை விட்டுத் தப்பினோம் என்று நினைத்து, பற்றரி முடியும் கட்டத்தில் உள்ள ஹைபிரிட்டை வாங்கினால் ஒரே பில்லில் பல வருட மிச்சம் போய்விடும். பற்றரியைப் பரிசோதித்துவிட்டே விலை பேசுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களும் சந்தைக்கு வரக்கூடும். ஆசனப்பட்டியை முழுதாக இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் பேசாமல் திரும்பி வாருங்கள்.

விற்கும்போது நீங்களும் இப்படிச் சோதிக்கப்படுவீர்கள். வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரழி) என்ற ஸஹாபியைப் பற்றிய செய்தியொன்று உண்டு. சந்தையில் ஒருவர் ஒட்டகம் வாங்கிப் போனார். விற்றவர் வேறொருவர். வாஸிலா (ரழி) அவர்களோ வாங்கியவரின் பின்னால் ஓடிச் சென்று, இதை இறைச்சிக்கு வாங்கினீரா, பிரயாணத்துக்கா என்று விசாரித்தார்கள். பிரயாணத்துக்கு என்று தெரிந்ததும், அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். பேரம் குழம்பியது, விலையில் நூறு திர்ஹம் குறைந்தது. அடுத்தவரின் ஒட்டகத்துக்கே அப்படியென்றால், நமது காரின் கதவடியில் இருக்கும் பட்டியை நாம் மறைக்கலாமா? எங்கே துரு, எந்தப் பக்கம் மோதியது, மீற்றர் எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விலை குறையலாம். ஆனால் இத்தகைய கார்களைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் விடயம் தெரிந்தவர்கள். அவர்கள் எழுதிய தாளையும் மதிப்பார்கள்.

காசு கைமாறுமுன் பதிவுப் புத்தகத்தைத் திறந்து எஞ்சின் இலக்கத்தையும் செஸி இலக்கத்தையும் காரோடு ஒப்பிடுங்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் எஞ்சின் மாற்றுவது சகஜம். மாற்றியதைத் திணைக்களத்தில் பதியாமல் விட்டவர்களும் பலர். அதைச் சரிசெய்த பிறகே விற்க முடியும். வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வைத்துத் தரகரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். பெயர் மாறாத வரை அந்தக் கார் செய்யும் குற்றத்துக்கும் விபத்துக்கும் பொலிஸார் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போங்கள். உடைமை மாற்றத்தை அறிவித்ததற்கான பற்றுச்சீட்டின் பிரதியொன்றை வாங்கி அலுமாரியில் வைத்த பிறகு சாவியைக் கொடுங்கள்.